பழைய பிக்கப் வாங்கப் போறீங்களா? எஞ்சினைக் கடைசியில் பாருங்க!

பழைய வண்டி பார்க்கப் போகும் நம்மாட்கள் எல்லோரும் ஒரே மாதிரிதான் பார்க்கிறார்கள். பானெட்டைத் தூக்கச் சொல்வது, ஸ்டார்ட் பண்ணச் சொல்வது, தலையைச் சாய்த்துச் சத்தம் கேட்பது, சைலன்சர் பக்கம் போய்ப் புகை பார்ப்பது. கூட வந்த மெக்கானிக் "எஞ்சின் நல்லா இருக்குங்க" என்று சொன்ன அடுத்த நிமிஷம் அட்வான்ஸ் கை மாறிவிடும்.

என் கட்சி வேறு. எஞ்சினைக் கடைசியில் பாருங்கள் என்கிறேன். ஏன் என்று கேட்டால் ஒரே வரியில் பதில் சொல்லலாம். எஞ்சின் போனால் வண்டி நிற்கும். பிரேக் போனால் வண்டி நிற்காது. :-)

முதலில், இதைப் பேச நான் யார் என்று சொல்லிவிடுகிறேன். புனேக்கு வந்து பதினைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது. பிழைப்பு வாகன உதிரிபாகத் தொழிலில். சாக்கண், போசரி பக்கம் போகும் சாலைகளில் எனக்கு முன்னாலும் பின்னாலும் போவது பெரும்பாலும் பிக்கப்தான். நாராயண்காவ் தக்காளி, ஜுன்னர் வெங்காயம், பால் கேன், இரும்புக் கம்பி, கல்யாணப் பந்தல் சாமான் என்று எல்லாமே அதில்தான் போகிறது. ஊரில் இருந்து சொந்தக்காரப் பையன்கள் யாராவது போன் பண்ணினால் நலம் விசாரிப்பு முடிந்ததும் வரும் கேள்வியும் இதுதான். "அண்ணா, ஒரு பொலேரோ பிக்கப் வந்திருக்கு, ஏழு வருஷ வண்டி, எடுக்கலாமா?"

இது ஒரு காரை மாற்றுகிற விஷயம் இல்லை. அம்மாவின் நகை அடகுக் கடைக்குப் போயிருக்கும். மீதிக்கு ஃபைனான்ஸ். மாதம் பிறந்தால் தவணை. வண்டி பத்து நாள் பட்டறையில் நின்றால் அந்த மாதம் வீட்டில் என்ன நடக்கும் என்று நமக்குத் தெரியும். அதனால்தான் இதைக் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

விற்பவர் தயார் செய்வது எஞ்சினைத்தான்

எல்லோரும் எஞ்சினைப் பார்ப்பார்கள் என்பது விற்பவருக்கும் தெரியும். அதனால் அவர் செலவழிப்பதும் அங்கேதான். கெட்டியான ஆயிலை ஊற்றினால் தேய்ந்த எஞ்சினின் சத்தமும் நீலப் புகையும் கொஞ்ச நாளுக்கு அடங்கும். நீங்கள் வருவதற்கு அரை மணி நேரம் முன்பே ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைத்தால், காலையில் கிளம்ப அடம் பிடிக்கும் வண்டியும் ஒரே செல்ஃபில் கிளம்பும். பானெட்டுக்குள் தண்ணீர் அடித்துப் பாலிஷ் போட்டிருந்தால் ஆயில் கசிவு எங்கே என்று தெரியாது.

ஆனால் வண்டிக்கு அடியில் யாரும் பாலிஷ் போடுவதில்லை. அதிகபட்சம் சேசிஸுக்குக் கருப்பு பெயிண்ட் அடிப்பார்கள். மற்ற இடமெல்லாம் துருவும் சேறுமாக இருக்க, ஸ்பிரிங் ஹேங்கர் பக்கம் மட்டும் புதுக் கருப்பு பளபளத்தால் அங்கே வெல்டிங் இருக்கிறதா என்று விரலால் தடவிப் பாருங்கள். வண்டியின் உண்மையான ஜாதகம் அடியில்தான் எழுதியிருக்கிறது. ஒரு பழைய பாயும் ஒரு டார்ச்சும் போதும்.

எல்லா வியாதிக்கும் தாய் ஒன்றுதான்

பழைய பிக்கப்பில் வரும் பழுதுகளைப் பட்டியல் போட்டால் இருபது முப்பது வரும். பட்டை உடைவது, கிளட்ச் தீய்வது, கிராஸ் ஆடுவது, ஹவுசிங்கில் ஆயில் கசிவது, டிரம் சூடாவது, டயர் ஒரு பக்கம் தேய்வது, மேடேறும்போது கொதிப்பது... ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் காரணம் சொல்லலாம். ஆனால் முக்கால்வாசிக்கு மூலக் காரணம் ஒன்றுதான். ஓவர்லோடு.

இந்த ஓவர்லோடின் கையெழுத்து பின்பக்கப் பட்டையில் இருக்கும். கம்பெனியில் இருந்து வரும்போது எத்தனை பட்டை வந்ததோ, அதற்கு மேல் ஒன்றோ இரண்டோ சேர்த்திருப்பார்கள். இங்கே மராட்டியில் 'பாட்டா' என்பார்கள். "பாட்டா டாலா ஹை" என்று விற்பவர் பெருமையாகவே சொல்வார். நம் ஊரிலும் "பட்டை ஏத்தியிருக்குங்க, எவ்வளவு லோடு போட்டாலும் உட்காராது" என்பது விற்பனை வசனம்தான்.

அது பெருமை இல்லை, வாக்குமூலம். இந்த வண்டி வாழ்நாள் முழுக்கத் தாங்க வேண்டியதற்கு மேல் தாங்கியிருக்கிறது என்று அவரே ஒப்புக்கொள்கிறார். பட்டை போட்டதால் பட்டைதான் பலமாகியிருக்கிறது. சேசிஸ், ஆக்சில், வீல் பேரிங், பிரேக், கிளட்ச் எல்லாம் பழைய அளவுதானே? பலவீனமான இடத்தைச் சரி செய்யவில்லை, ஒரு இடத்தில் இருந்து இன்னொரு இடத்துக்கு நகர்த்தியிருக்கிறார்கள்.

இதில் பலருக்கும் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. பல பிக்கப்களில் பின் ஆக்சிலுக்கும் சேசிஸுக்கும் நடுவே ஒரு சின்னக் கம்பியோ ஸ்பிரிங்கோ போய் ஒரு வால்வில் சேரும். எல்.எஸ்.பி.வி. என்பார்கள். அதன் வேலை எளிது. லோடு ஏறினால் வண்டி இறங்கும், இறங்கினால் அந்தக் கம்பி நகரும், அதைப் பார்த்து வால்வு பின் சக்கரத்துக்குப் பிரேக் பிரஷரைக் கூட்டிக் கொடுக்கும். காலி வண்டியில் குறைத்துக் கொடுக்கும், இல்லாவிட்டால் பின் சக்கரம் லாக் ஆகி வண்டி சுற்றிவிடும்.

இப்போது கூடுதல் பட்டை போட்டால் என்ன ஆகும்? இரண்டு டன் ஏற்றினாலும் வண்டி இறங்காது. வால்வு "வண்டி காலியாக இருக்கிறது" என்று நினைத்துக்கொண்டு பின் பிரேக்கைக் குறைத்தே கொடுக்கும். லோடு அதிகம், பிரேக் குறைவு! பாரம் முழுக்க முன் பிரேக்கில் விழும். டிஸ்க் சூடேறி, பேட் தீய்ந்து, கடைசியில் "இந்தக் கம்பெனி வண்டிக்கே பிரேக் சரியில்லை" என்று பழி. சில பட்டறைகளில் அந்தக் கம்பியைக் கழற்றி வயரால் தூக்கிக் கட்டிவிடுவதும் உண்டு. மழை நாளில் காலி வண்டியில் பிரேக் அடிக்கும்போதுதான் அதன் பலன் தெரியும்.

ஆகவே முதல் வேலையாக இதைப் பாருங்கள். பட்டையை எண்ணுங்கள். அந்த வால்வின் கம்பி இருக்கிறதா, ஆடுகிறதா, கட்டி வைத்திருக்கிறதா என்று பாருங்கள். மெயின் பட்டையில் கீறல் இருக்கிறதா, சென்டர் போல்ட் நேராக இருக்கிறதா என்று பாருங்கள். சென்டர் போல்ட் அறுந்தால் ஆக்சில் ஒரு பக்கம் நகர்ந்து, வண்டி நண்டு மாதிரி சாய்வாகப் போகும். பட்டை வேலை செய்தபின் சில நூறு கிலோமீட்டர் லோடு ஓட்டிவிட்டு யு-போல்டை மறுபடி டைட் வைக்க வேண்டும். இதைப் பட்டறைக்காரர் சொல்வார், நாம்தான் போக மாட்டோம்.

பிரேக்: கஞ்சத்தனம் கூடாத இடம்

புனேயில் கத்ரஜ் புதிய சுரங்கப்பாதையைத் தாண்டி நவ்லே பாலம் வரை ஒரு நீண்ட இறக்கம் இருக்கிறது. நம் தொப்பூர் கணவாய் மாதிரி பேர் வாங்கிய இடம். 2022 நவம்பரில் ஒரு லாரி அங்கே ஒரே ஓட்டத்தில் பல வண்டிகளை இடித்துத் தள்ளியது. அந்த இறக்கத்தில் போகும்போதெல்லாம் பக்கத்தில் வரும் வண்டிகளைக் கவனிப்பேன். டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் உருட்டிக்கொண்டு வருகிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள்.

நியூட்ரலில் விட்டால் எஞ்சினின் பிடிப்பு போய்விடும், மொத்தப் பாரமும் பிரேக் லைனர் தலையில். இன்னும் சிலர் சாவியையே அணைத்துவிடுவார்கள். டீசல் வண்டியில் பிரேக் பூஸ்டருக்கு வேண்டிய வேக்குவத்தை எஞ்சினோடு சுற்றும் ஒரு சின்னப் பம்ப் தருகிறது. பல வண்டிகளில் அது ஆல்டர்னேட்டரின் முதுகிலேயே இருக்கும். எஞ்சின் நின்றால் அதுவும் நின்றது. மிச்சமிருக்கும் வேக்குவத்தில் இரண்டு மூன்று முறை மிதிக்கலாம், அப்புறம் பெடல் கல் மாதிரி ஆகிவிடும். ஏறிய மேட்டில் எந்த கியரில் ஏறினோமோ அந்த கியரில் இறங்கு என்று பழைய லாரி டிரைவர்கள் சொன்னது சும்மா இல்லை.

வாங்கும்போது பிரேக்கைச் சோதிக்க மெஷின் எதுவும் வேண்டாம். எஞ்சினை அணைத்துவிட்டு நாலைந்து முறை பெடலை மிதியுங்கள். கெட்டியானதும் மிதித்தபடியே ஸ்டார்ட் பண்ணுங்கள். பெடல் லேசாகக் கீழே இறங்க வேண்டும். இறங்காவிட்டால் பூஸ்டரிலோ வேக்குவம் பம்பிலோ கோளாறு. அப்படியே அரை நிமிஷம் அழுத்திப் பிடியுங்கள். பெடல் மெதுவாகத் தரையை நோக்கிப் போனால் மாஸ்டர் சிலிண்டரோ வேறெங்கோ விடுகிறது. பின் சக்கரத்தின் உள் பக்கம் ஈரமாக இருந்தால், ஆக்சில் ஆயில் சீல் போய் லைனர் மேல் ஆயில் இறங்குகிறது அல்லது வீல் சிலிண்டர் கசிகிறது என்று அர்த்தம்.

ஆயில் சீல் மாற்றி மாற்றி அலுத்துப் போனவர்கள் ஹவுசிங் மேல் இருக்கும் ப்ரீதரைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு சின்ன மூச்சுக் குழாய். சேறு அடைத்தால் உள்ளே சூடான காற்று வெளியேற வழியில்லாமல் ஆயிலைச் சீல் வழியாகத் தள்ளும். அதைச் சுத்தம் செய்யச் செலவு கிட்டத்தட்ட எதுவும் இல்லை. அது தெரியாமல் சீலுக்கு மேல் சீல்.

பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். நீண்ட இறக்கத்தில் சூடேறும்போது அந்த ஈரம் ஆவியாகிப் பெடல் பஞ்சு மாதிரி இறங்கும். பழைய வண்டி வாங்கினால், போன ஓனர் என்ன சொன்னாலும், முதல் வாரமே பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள்.

கிளட்சும் பின்னால் உள்ளதும்

கிளட்ச் பிடிக்கிறதா என்று பார்க்க, ஹேண்ட் பிரேக் போட்டு, மூன்றாவது கியரில் மெதுவாகக் கிளட்சை விடுங்கள். எஞ்சின் நின்றுவிட வேண்டும். நிற்காமல் உறுமிக்கொண்டே இருந்தால் பிளேட் போச்சு. ஒரு முறை பார்த்தால் போதும், நாலு முறை பார்த்து நாமே தீய்த்துவிட வேண்டாம். :-) மாற்றும்போது பிளேட் மட்டும் போட்டு மிச்சம் பிடிக்காதீர்கள். பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் இரண்டையும் சேர்த்தே பாருங்கள், ஃப்ளைவீல் முகத்தையும் பார்க்கச் சொல்லுங்கள். கியர்பாக்ஸை இறக்கும் கூலியை இரண்டு முறை கொடுப்பதைவிட அது லாபம்.

முதல் கியரில் இருந்து ரிவர்ஸுக்குப் போடும்போது அடியில் 'டக்' என்று சத்தம் வந்தால் யு.ஜே. கிராஸைச் சந்தேகப்படுங்கள். குறிப்பிட்ட வேகத்தில் மட்டும் அதிர்ந்தால் சென்டர் பேரிங்கின் ரப்பர் போயிருக்கலாம். ஷாஃப்டைக் கழற்றும் முன் இரண்டு பக்கமும் குறி போட்டுக்கொண்டு அதே குறியில் மாட்ட வேண்டும். மாற்றி மாட்டினால் புது கிராஸ் போட்ட பிறகும் அதிரும், அப்புறம் நல்ல சாமானைக் குறை சொல்வோம்.

சரி, இப்போது எஞ்சின்

எஞ்சின் பார்க்க விடியற்காலையில் போங்கள். கையை வைத்துப் பார்த்து, சில்லென்று இருந்தால் மட்டும் ஸ்டார்ட் பண்ணச் சொல்லுங்கள். ஆயில் மூடியைத் திறந்து பாருங்கள். குபுகுபு என்று புகை அடித்தால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஆயில் பால் காபி மாதிரி இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. எஞ்சின் ஆறியிருக்கும்போதே ரேடியேட்டர் மூடியைத் திறந்து வைத்து ஸ்டார்ட் பண்ணினால், விடாமல் குமிழி வந்தால் ஹெட் கேஸ்கட். சூடான எஞ்சினில் மட்டும் மூடியில் கை வைக்காதீர்கள்.

ரேடியேட்டரில் கூலன்ட் இல்லாமல் துருப்பிடித்த செந்தண்ணீர் இருந்தால் அந்த எஞ்சினை யாரும் மதிக்கவில்லை என்று பொருள். "சூடாகுது" என்று போனால் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீசுவது நம் நாடு முழுக்க உள்ள கைவைத்தியம். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. எஞ்சின் தேவையான சூட்டுக்கே வராமல் டீசல் கூடக் குடிக்கும், ரிங் சீக்கிரம் தேயும். சில எஞ்சின்களில் அதைக் கழற்றினால் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸிலேயே சுற்றி, இன்னும் கூடச் சூடாகும். அடைத்த ரேடியேட்டரோ, பிடிக்காத ஃபேன் கிளட்சோ, கசியும் வாட்டர் பம்போ, எது காரணம் என்று தேடுவதுதான் வைத்தியம்.

காமன் ரெயில் வண்டி என்றால் டீசல் ஃபில்டரில் தண்ணீர் வடிகட்டும் இடத்தைத் திறந்து ஒரு கிளாஸில் பிடித்துப் பாருங்கள். உள்ளே 1000 பாருக்கு மேல் அழுத்தத்தில் வேலை நடக்கிறது. அதில் தண்ணீரும் தூசியும் போனால் இன்ஜெக்டர் பிழைக்காது. காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடித்தால் உடனே இன்ஜெக்டர் மொத்தமும் மாற்றச் சம்மதிக்காதீர்கள். லீக்-பேக் டெஸ்ட் செய்யச் சொல்லுங்கள். நாலு பாட்டிலில் எது அதிகம் நிறைகிறதோ அதுதான் குற்றவாளி. ஒருவன் செய்த தப்புக்கு நாலு பேரையும் தூக்கில் போட வேண்டாம்.

பி.எஸ்.6 வண்டிகளும் பழைய மார்க்கெட்டுக்கு வந்தாச்சு

2020 ஏப்ரலில் இருந்து நாடு முழுக்க பி.எஸ்.6. அந்த வண்டிகள் இப்போது இரண்டாம் கை, மூன்றாம் கைக்கு வருகின்றன. இவற்றில் சைலன்சர் பக்கம் கரியைப் பிடித்து வைக்கும் டி.பி.எஃப். இருக்கும். வண்டி நல்ல வேகத்தில் கொஞ்ச நேரம் ஓடினால் அந்தச் சூட்டில் கரி தானாக எரிந்துவிடும். தெருத் தெருவாக நின்று நின்று பால் கேன் போடும் வண்டிக்கு அந்த வாய்ப்பே கிடைக்காது. அடைத்துக்கொள்ளும், விளக்கு எரியும், இழுவை போகும். விளக்கு எரிந்த உடனே நெடுஞ்சாலையில் அரை மணி ஓட்டினால் பெரும்பாலும் தீரும். ஒரு மாதம் கண்டுகொள்ளாமல் விட்டால் ஸ்கேனர் வைத்துத்தான் எரிக்க வேண்டும்.

இங்கேதான் நிறுவனங்கள் மேல் எனக்குக் கோபம். அந்த ஸ்கேனரும் சாஃப்ட்வேரும் ரோட்டோரப் பட்டறைக்காரருக்குக் கிடைப்பதில்லை, கிடைத்தாலும் கட்டுப்படியாவதில்லை. அவர் என்ன செய்வார்? உள்ளே இருப்பதைக் குடைந்து எடுத்துவிட்டு, யாரையாவது பிடித்து சாஃப்ட்வேரை மாற்றிவிடுவார். புகை நம் பிள்ளைகளின் நெஞ்சுக்குள் போகும். உதிரிபாகமும் பழுதுபார்க்கும் தகவலும் வெளிப் பட்டறைகளுக்குக் கிடைக்க வேண்டும் என்று இந்தியப் போட்டி ஆணையம் 14 கார் நிறுவனங்களுக்கு 2014-லேயே உத்தரவு போட்டது. 2022 டிசம்பரில் மத்திய அரசு 'பழுதுபார்க்கும் உரிமை' என்று ஒரு தளம் தொடங்கியது, வாகனத் துறையும் அதில் உண்டு. ஆனால் ஒரு பிக்கப்பின் ஒயரிங் படத்தைத் தமிழிலோ மராட்டியிலோ கையில் வைத்திருக்கும் பட்டறையை நான் இன்னும் பார்க்கவில்லை. வண்டியைக் கிராமத்துக்கு விற்கத் தெரிந்தவர்களுக்கு, வைத்தியத்தையும் கிராமத்துக்குக் கொண்டுபோகத் தெரிய வேண்டாமா?

"லோடு போடலன்னா தவணை யாருங்க கட்டறது?"

இதுவரை படித்தவர்களில் வண்டி ஓட்டுகிற யாராவது இருந்தால் இந்தக் கேள்வியைத்தான் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஆபீஸில் ஏசியில் உட்கார்ந்துகொண்டு ஓவர்லோடு கூடாது என்று சொல்வது எனக்குச் சுலபம்.

ஆனாலும் கணக்கைப் பார்ப்போம். 1.3 டன் வண்டியில் 2 டன் ஏற்றினால் லோடு ஒன்றரை மடங்கு. ஆனால் பட்டையின் ஆயுள் அதே கணக்கில் குறைவதில்லை. திரும்பத் திரும்ப வளையும் இரும்பில் அழுத்தம் கொஞ்சம் கூடினாலே ஆயுள் பல மடங்கு சரியும். கிளட்சும் டயரும் சீக்கிரம் போகும். மாட்டினால் 2019 திருத்தச் சட்டப்படி 20,000 ரூபாய் அபராதம், அதற்கு மேல் ஒவ்வொரு கூடுதல் டன்னுக்கும் 2,000. ஓவர்லோடு வருமானம் தினமும் கையில் தெரியும். அதன் செலவு ஆறு மாதம் கழித்து மொத்தமாக வரும். அதனால்தான் லாபம் மாதிரித் தோன்றுகிறது.

சரி, அந்த லாபம் கடைசியில் யாருக்கு? எல்லோரும் 2 டன் ஏற்றினால் மார்க்கெட்டில் 2 டன்தான் ஒரு டிரிப் என்று ஆகிவிடும், வாடகை மட்டும் பழைய 1.3 டன் வாடகையாகவே இருக்கும். மிச்சம் பிடித்தவர் சரக்குக்காரர். பட்டையும் உயிரும் நம்முடையது. சட்டத்தில் ஓட்டுகிறவர் மட்டுமல்ல, ஓட்டச் செய்கிறவரும் பொறுப்பு என்றுதான் இருக்கிறது. ஆனால் சாலையில் நிறுத்தி விசாரிக்கப்படுவது டிரைவர் சீட்டில் இருப்பவர் மட்டும்தான். இதைத் தனி ஒருவன் மாற்ற முடியாது, ஒரு ஸ்டாண்டில் உள்ள இருபது வண்டிக்காரர்கள் ஒன்றாகப் பேசினால் மாற்றலாம். டன்னுக்கு இவ்வளவு என்று வாடகை பேசுவது அதற்கு முதல் படி.

ஊரில் இருந்து கேட்கும் பையன்களுக்கு நான் சொல்வது இதுதான். கையில் உள்ள பணம் முழுவதையும் வண்டி விலையாகக் கொடுத்துவிடாதே. விலையில் பத்தில் ஒரு பங்கையாவது தனியாக எடுத்து வை. வண்டி கைக்கு வந்ததும் அந்தப் பணம் போக வேண்டிய வரிசை: பிரேக், டயர், ஸ்டியரிங் ஜாயிண்ட், பட்டை, கூலன்ட், அப்புறம் ஆயில், ஃபில்டர். மியூசிக் சிஸ்டமும் கலர் லைட்டும் கண்ணாடியில் சாமி படமும் கடைசியில். சாமி கோவித்துக்கொள்ளாது. அந்தப் பத்தில் ஒரு பங்கு இல்லையென்றால், அந்த வண்டி உன் கைக்கு எட்டாத வண்டி. இன்னும் ஆறு மாதம் யாரிடமாவது டிரைவராக ஓட்டு, அப்புறம் வாங்கு.

ரோட்டோரப் பட்டறைக்காரரிடம் பேரம் பேசுங்கள், தப்பில்லை. ஆனால் அவர் "அண்ணே, இந்த பிரேக்கோட லோடு ஏத்தாதீங்க" என்று சொன்னால் மட்டும் பேரம் பேசாதீர்கள். அன்றைய வாடகை நாளைக்கும் வரும்.